சிரிப்பு நீக்கிய பதிப்பு

4417-ஆம் எண் வீட்டில் காலை எட்டே முக்காலுக்கு விழுந்த அடியை இயந்திரம் ‘வேடிக்கை’ என்று பதிந்து வைத்திருந்தது. பொற்கொடி ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். மூன்று மாதத்தில் இது பதினேழாவது தடவை. பதினேழும் வேடிக்கையாம்.

பொற்கொடிக்கு நாற்பத்தாறு வயது. திருச்சியில், இல்லப் பாதுகாப்பு வாரியத்தின் மண்டல அலுவலகத்தில் கேட்பாளர் வேலை. ஒரு காலத்தில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்று வீடு வீடாகக் கொடுத்த அரசாங்கம், போன தேர்தலுக்குப் பிறகு காப்புச்செவியைக் கொடுத்தது. சோப்புப் பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டால் வீட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பெண்ணுக்கு அடி விழுந்தால் அதுவே மகளிர் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடும். அடி வாங்கியவள் போனைத் தேட வேண்டாம், ஸ்டேஷன் வாசலில் போய் நின்று கூச வேண்டாம். நல்ல யோசனைதான், யார் இல்லை என்றார்கள்?

கேட்ட சத்தத்தை அந்தப் பெட்டி மூன்றாகப் பிரிக்கும். வழக்கம், வேடிக்கை, ஆபத்து. ஆபத்து என்றால் உடனே வீட்டு முகவரியோடு போலீசுக்குப் போகும். மற்ற இரண்டில் சிலவற்றை மட்டும், இயந்திரம் சரியாகத்தான் பிரிக்கிறதா என்று பார்க்க, பொற்கொடி போன்றவர்களின் காதுக்கு அனுப்புவார்கள். அதுவும் எப்படி? வீட்டு ஆட்களின் குரல்களை மட்டும் அடையாளம் தெரியாதபடி மாற்றி, முகவரியை மறைத்து, வெறும் எண் போட்டு. முன்பு ஒரு கேட்பாளன் முகவரியை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை மிரட்டியதில், மனிதக் காதுக்கு முகவரி கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இயந்திரம் ‘ஆபத்து’ என்றால்தான் முகவரி திறக்கும். பொற்கொடி எத்தனை முறை ஆபத்து என்று எழுதினாலும் அது கோப்பில் போய்த் தூங்கும்.

ஆக, யாரோ ஒருத்தி எங்கேயோ அடி வாங்குகிறாள். அதைப் பொற்கொடி ஏசி அறையில் உட்கார்ந்து கேட்கிறாள். அவளுக்குப் பேர் தெரியாது, ஊர் தெரியாது. அடுத்த பதிவு வரும்போதுதான், பரவாயில்லை, இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்று தெரியும். பதிவு வராத வாரங்களில் பொற்கொடிக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

இத்தனைக்கும் மேலே அவளுக்கு வயிறு எரிந்தது அந்த வீட்டின் இன்னொரு பெண்ணை நினைத்துத்தான். ஒவ்வொரு பதிவிலும் அடி விழும், ஒருத்தி “அம்மா” என்பாள், இரண்டு மூன்று நொடி கழித்து ஒரு பெண் சிரிப்பாள். நன்றாக, கணீரென்று. மாமியாரோ நாத்தனாரோ. ‘வீட்டில் மற்றொரு பெண் உடனிருக்கிறாள், தடுப்பதில்லை, சிரிக்கிறாள்’ என்று பதினேழு தடவையும் குறிப்பு எழுதியிருந்தாள். எழுதும்போதெல்லாம் அந்த முகம் தெரியாத சண்டாளியை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டியும் இருந்தாள்.

“ஆல்வின், இங்க வாங்க. இதக் கேளுங்க.”

ஆல்வின் அலுவலகத்தின் பொறியாளர். பாலக்கரைப் பையன், முப்பது வயது, எதைச் சொன்னாலும் முதலில் “பார்க்கலாம் மேடம்” என்பான். கேட்டுவிட்டு அவனே ஹெட்போனை மெல்லக் கீழே வைத்தான்.

“பின்னாடி டிவியில ஓடுறது யாரு குரல்னு தெரியுதா?” என்று கேட்டாள் பொற்கொடி.

“நம்ம தலைவர்தான். மிருதங்கம் ஜோக்கு.”

நம்ம தலைவர் என்றால் நகைச்சுவைக் கொண்டல் சொல்லின்பன். முப்பது வருடமாகப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பட்டிமன்ற நடுவர். குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா என்று ஆறு பேரைப் பேசவிட்டு, கடைசியில் இருவரும்தான் என்று தீர்ப்புச் சொல்லி, நடுவே அவர் அடிக்கும் ஜோக்குக்காகவே கூட்டம் கூடும். மேடை அவரைக் கட்சிக்குக் கொண்டுபோனது. கட்சி அவரை இல்லப் பாதுகாப்பு வாரியத்தின் தலைவராக்கியது. காப்புச்செவிப் பெட்டியின் மேல் கைகூப்பிச் சிரிக்கும் படம் அவருடையதுதான்.

“பதினேழுலயும் அவர் பேச்சு ஓடுது ஆல்வின். அந்த ஆள் அடிக்கிறதுக்கு முன்னாடி டிவியப் போடறான். ஏன்?”

ஆல்வின் தன் கைபேசியை எடுத்து ஒரு குழுச் செய்தியைக் காட்டினான். அவன் மைத்துனன் அனுப்பியதாம். ‘வீட்ல பெட்டி மாட்டியாச்சா? கவலை வேண்டாம். அண்ணன் பட்டிமன்றத்தைப் போட்டுட்டா மெஷின் கம்முனு கெடக்கும்.’ கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக.

“எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?”

“ரெண்டு மாசமா மேடம். சும்மா விளையாட்டுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன்.”

“எல்லாருக்கும் எல்லாமே விளையாட்டுத்தான். சரி, அது ஏன் கம்முனு கெடக்குது? அதச் சொல்லுங்க.”

“மெஷினுக்கு எது அடி, எது நடிப்புன்னு தெரியணும்ல? டிவியில சண்டை ஓடினாக்கூட போலீஸ் வந்துடக் கூடாதே. அதுக்காக நாற்பதாயிரம் மணி நேரம் நம்ம ஊர் நிகழ்ச்சியப் போட்டுப் பழக்கினோம். சினிமா காமெடி, மேடைப் பேச்சு, பட்டிமன்றம். அதுல பாதிக்குப் பாதி என்ன? பொண்டாட்டிக்குப் பளார்னு ஒரு அறை, அவ அழுவா, உடனே ஜனங்க சிரிப்பாங்க. மெஷின் அதையேதான் கத்துக்கிச்சு. அடி விழுந்து நாலு செகண்டுக்குள்ள சிரிப்புக் கேட்டா, அது அடி இல்ல. வேடிக்கை.”

பொற்கொடிக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. கல்லூரியில் படித்தபோது இதே சொல்லின்பனின் பட்டிமன்றத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அவளும் வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறாள். அந்த நாற்பதாயிரம் மணி நேரத்தில் எங்கோ ஒரு மூலையில் அவள் சிரிப்பும் இருக்கும்.

“மாத்த முடியுமா, முடியாதா?”

“முடியும் மேடம். அவரோட அறுநூத்திச் சொச்சம் நிகழ்ச்சி இருக்கு. அதுல வர்ற இந்த மாதிரி இடத்தை எல்லாம் வேடிக்கைலேர்ந்து எடுத்து ஆபத்துல போடணும். மறுபடி பழக்கினா, மூணு மாசப் பழைய பதிவு எல்லாத்தையும் அதுவே திரும்பக் கேட்கும். ஆபத்துன்னு தோணின வீட்டு அட்ரஸ் தானா திறந்துக்கும். ஆனா வாரியம் கையெழுத்துப் போடணும்.”

வாரியம் என்றால் சொல்லின்பன். திருடன் கையில் சாவி என்பார்களே, அது.

கூட்டம் திங்கட்கிழமை நடந்தது. நீள மேசை, முந்திரி, பிஸ்கட், காபி. சொல்லின்பன் நடுவில். அவருக்கு வலப்பக்கம் வாரியச் செயலர் கருணாகரன், எதற்கும் குரலை உயர்த்தாத, எதையும் செய்யாத மனிதர். பொற்கொடி பதிவைப் போட்டாள்.

முதலில் டிவியில் சொல்லின்பனின் குரல் வந்தது. “பொண்டாட்டியும் மிருதங்கமும் ஒண்ணுங்க. ரெண்டு பக்கமும் தட்டினாத்தான் நாதம் வரும். ஒரு பக்கம் மட்டும் தட்டிட்டு விட்டீங்கன்னு வைங்க...” மேசையில் இருந்த சொல்லின்பனின் உதடு கூடவே அசைந்தது. “பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தான் கச்சேரி!” டிவியில் அரங்கம் அதிர்ந்தது. மேசையைச் சுற்றியும் இரண்டு மூன்று பேர் பழக்கத்தில் சிரித்துவிட்டார்கள். பிறகு அடி விழுந்தது. அம்மா என்று ஒரு குரல். அதன் பின் அந்தச் சிரிப்பு.

யாரோ காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

“ரொம்ப வருத்தமா இருக்கும்மா,” என்றார் சொல்லின்பன். உண்மையாகவே வருத்தமாகத்தான் சொன்னார். “ஆனா ஒண்ணு சொல்லணும். நான் அடிச்சேனா? எங்க வீட்ல அடி வாங்கறதே நான்தான்.” மறுபடி ஒரு சிரிப்பு. அவர் கையமர்த்தினார். “ஜோக்க ஜோக்கா எடுத்துக்கணும். தாய்க்குலம்தான் எனக்கு முதல் ரசிகர். நீங்களே பாருங்க, அந்த வீட்ல சிரிக்கிறதும் ஒரு பொம்பளைதானே?”

“சார், உங்க பேச்சை ஒரு ஆள் ஆயுதமா வச்சிருக்கான்.”

“அருவாமனையில கூடத்தாம்மா வெட்டலாம். அதுக்காகக் காய் நறுக்காம இருக்க முடியுமா?”

மேசை முழுவதும் தலையாட்டியது. பொற்கொடிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. முப்பது வருடம் மேடையில் நின்ற மனிதனிடம் வாதாடுவதே தப்பு. எந்தப் பக்கம் போனாலும் ஒரு உவமை வைத்திருப்பான்.

“அந்த இடத்தை எல்லாம் ஆபத்துன்னு மாத்தணும் சார். அவ்வளவுதான் கேட்கறேன்.”

இப்போதுதான் அவர் முகம் மாறியது. “என் பேச்சுக்கு வன்முறைன்னு முத்திரை குத்துவீங்களா? நாளைக்கு எதிர்க்கட்சிக்காரன் அந்த ஃபைலத் தூக்கிட்டு வந்து சட்டசபையில படிப்பான். என் சொல்லுல ஒரு எழுத்து மாறக் கூடாது. மாத்தினா நான் கோர்ட்டுக்குப் போவேன்.”

“தேர்தல் நேரம் மேடம்,” என்றார் கருணாகரன், காபியைப் பார்த்துக்கொண்டே.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று பொற்கொடி காகிதங்களை அடுக்கத் தொடங்கினாள். அப்போது, கூட்டத்தில் ஒரு நாளும் வாய் திறக்காத ஆல்வின் தொண்டையைச் செருமினான்.

“சார், உங்க சொல்லைத் தொட வேண்டாம். முத்திரையும் வேண்டாம். சிரிப்பை மட்டும் எடுத்துடலாமா?”

“என்னது?”

“பின்னாடி ஜனங்க சிரிக்கிற சத்தம் சார். அத மட்டும் எல்லா நிகழ்ச்சியிலேர்ந்தும் நீக்கிட்டு மெஷினுக்குப் போட்டுக் காட்டறோம். சிரிப்பே கேட்காம வளர்ந்துச்சுன்னா, சிரிப்ப அது சாட்சியா எடுத்துக்காது. உங்க பேச்சு அப்படியே இருக்கும்.”

சொல்லின்பன் யோசித்தார். வக்கீல் போல ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்திருப்பார். எதிர்க்கட்சிக்காரன் படிக்க அதில் ஒன்றுமில்லை.

“எழுத்து மாறாதே?”

“மாறாது சார்.”

“அப்ப எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா கேட்டுட்டுத்தான் கையெழுத்து.”

புதன்கிழமை காலை அவர் கேட்பறைக்கு வந்தார். உதவியாளர்களை வெளியே நிறுத்திவிட்டு, பொற்கொடியின் நாற்காலியிலேயே உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். பொற்கொடி இன்னொன்றை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். தன் குரலைக் கேட்கப் போகிற மனிதனின் சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

முதலில், பேருந்து சன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்தவனின் கதை வந்தது. நல்ல கதை. கூட்டத்தின் சிரிப்பை எடுத்த பின்னும் பொற்கொடிக்கே சிரிப்பில் உதடு துடித்தது. அதை அவள் மறைக்கவில்லை. அடுத்தது மிருதங்கம்.

அவர் வழக்கம்போல் உதட்டசைத்துக்கொண்டே வந்தார். கடைசி வரி முடிந்ததும் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார், முப்பது வருடமாக அந்த இடத்தில் சாய்ந்து பழகிய மனிதர். ஹெட்போனில் ஒரு சத்தமும் இல்லை. அன்று மேடையில் அவர் கைக்குட்டை எடுத்த சரசரப்பு மட்டும் கேட்டது.

“நின்னு போச்சா?”

“இல்ல சார். ஓடுது.”

“சிரிப்பு எப்ப வரும்?”

“வராது சார்.”

அடுத்த ஜோக் வந்தது, அதற்கடுத்தது வந்தது. வரதட்சணையும் மண்ணெண்ணெயும் பற்றிப் பழைய காலத்தில் அடித்தது ஒன்று, பஸ்ஸில் உரசியவனுக்குப் பரிந்து பேசியது ஒன்று, வாயாடி மருமகளை அடக்க மாமனாருக்குச் சொன்ன வழி ஒன்று. ஒரு வயதான ஆண்குரல், இடைவெளி விட்டு விட்டு, யாருமில்லாத இடத்தில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே போனது. ஐந்தாவதில் அவர் ஹெட்போனைக் கழற்றினார். நெற்றியில் வியர்த்திருந்தது.

“இது நான் பேசின மாதிரியே இல்லையேம்மா.”

“ஒரு எழுத்து மாறல சார்.”

அவர் சுவரைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக உவமை இல்லாத ஒரு வாக்கியம் வரப் போகிறது என்று பொற்கொடி அசட்டுத்தனமாக எதிர்பார்த்தாள்.

“சிரிப்பில்லாம எவன் பேசினாலும் இப்படித்தான் இருக்கும்,” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பேருந்துக் கதை இருந்ததே, அது இப்படி இல்லையே என்று கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. கையெழுத்துக் காய்வதற்குள் கோப்பை எடுத்துக்கொண்டு ஆல்வினிடம் ஓடினாள்.

வியாழன் காலை பதினொரு மணிக்குப் புதிய பதிப்பு ஐந்து மாவட்டங்களில் இறங்கியது. தன்னிடம் இருந்த மூன்று மாதப் பதிவுகளை அது முதலிலிருந்து கேட்கத் தொடங்கியது. திரையில் சிவப்புப் புள்ளிகள் வந்தன. ஒன்று, நாலு, நாற்பது. ஆல்வின் எண்ணிக்கொண்டிருந்தான், பிறகு எண்ணுவதை விட்டான். ஒரு மணிக்கு முப்பத்தோராயிரத்தைத் தாண்டியது. காவல் நிலையங்களிலிருந்து போன்மேல் போன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

4417 திறந்தபோது மணி மூன்று ஆகியிருந்தது. பொற்கொடி திரையில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து படித்தாள். உறையூர். ஒரு அடுக்குமாடியின் இரண்டாவது தளம். கணவன் வங்கி ஊழியன். இத்தனை நாளும் அவள் கற்பனையில் அந்த வீடு எங்கோ ஒரு குக்கிராமத்தில், சாராய வாடையோடு, கூரை போட்டு இருந்தது. இங்கிருந்து ஆட்டோவில் போனால் பத்து நிமிடம்.

அவள் நேரே மகளிர் காவல் நிலைய ஆய்வாளர் மெஹருன்னிசாவைக் கூப்பிட்டாள். இரண்டு பேருக்கும் பத்து வருடப் பழக்கம். “எனக்கு இன்னைக்கு மட்டும் அறுநூறு வீடு வந்திருக்கு, நாலு ஜீப்பு இருக்கு,” என்று மெஹருன்னிசா சலித்துக்கொண்டாலும் வந்துவிட்டாள்.

ஜீப்பு உறையூருக்குப் போய்க்கொண்டிருந்தபோது செயலர் கருணாகரனின் அழைப்பு வந்தது.

“மேடம், மெஷின் கோளாறு. அஞ்சு மணிக்குப் பழைய பதிப்பையே திரும்பப் போடறோம். இன்னைக்கு வந்த அலாரம் எல்லாம் ரத்து. அட்ரஸ் எல்லாம் மூடிடும்.”

“கோளாறுன்னு யார் சார் சொன்னது?”

“யார் சொல்லணும்? முப்பத்தோராயிரம் வீடு மேடம்! நம்ம ஜனங்க என்ன அவ்வளவு கேவலமா? நம்பற மாதிரி ஒரு நானூறு, ஐந்நூறு காட்டினா வச்சுக்கலாம்.”

“ஒரு வீட்டுக்காவது போய்ப் பார்த்தீங்களா சார்?”

“தேர்தல் நேரம் மேடம்.”

பொற்கொடி போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். மெஹருன்னிசாவுக்குச் செய்தி ஏற்கெனவே வந்துவிட்டது போலும், கடிகாரத்தைப் பார்த்தாள்.

“அஞ்சுக்கு மேல அந்த அலாரத்த வச்சு நான் ஒண்ணும் பண்ண முடியாது பொற்கொடி. அந்தப் பொண்ணு கைப்பட எழுதிக் கொடுத்தா மட்டும்தான். எழுதிட்டான்னா எந்த மெஷின் என்ன சொன்னாலும் கேஸ் நிக்கும்.”

“எழுதுவா.”

“நான் பார்த்ததுல பத்துக்கு ஒருத்திதான் எழுதுவா,” என்றாள் மெஹருன்னிசா.

கதவைத் திறந்தவளுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டே காக்கிச் சட்டையைப் பார்த்தாள். கழுத்து வரை இழுத்துப் போர்த்திய துண்டு. பெயர் கீர்த்திகா. உள்ளே வேறு யாரும் இல்லை. பொற்கொடி அவள் தோளுக்கு மேலே எட்டி அந்த மாமியாரைத் தேடினாள்.

“காப்புச்செவியிலேர்ந்து தகவல் வந்திருக்கும்மா,” என்றாள் மெஹருன்னிசா. “இன்னைக்கு நேத்து இல்ல. பதினேழு தடவை.”

கீர்த்திகா சிரித்தாள்.

“அய்யோ, அதுவா! டிவி சத்தம்க்கா. எங்க வீட்டுக்காரருக்குப் பட்டிமன்றம்னா உசிரு.”

நன்றாக, கணீரென்று. குரலை மாற்றலாம், சிரிப்பின் ஏற்ற இறக்கத்தை என்ன செய்வது? மூன்று மாதமாக ஹெட்போனில் கேட்ட அதே சிரிப்பு. மாமியார் இல்லை, நாத்தனார் இல்லை. அந்த வீட்டில் இரண்டாவது பெண்ணே கிடையாது. பதினேழு தடவை எவளைச் சண்டாளி என்று சபித்தாளோ, அவள் இவள்தான். அடி வாங்கியவளும் இவள்தான்.

“வீட்டுல வேற யார் இருக்காங்க?” என்று கேட்டாள், தெரிந்துகொண்டே.

“நானு, அவரு, பாப்பா. யூகேஜி படிக்கிறா. எங்க மாமியார் ஊர்லயே இருக்காங்க.” மறுபடி சிரிப்பு. “உள்ள வாங்கக்கா. காபி போடறேன். போலீஸெல்லாம் வந்தா பக்கத்து வீட்டுல என்ன நெனப்பாங்க?”

மெஹருன்னிசாவின் முகம் கொஞ்சம் இளகியது. எதிரில் இருப்பவர் சிரித்தால் நாமும் இளகுவது மரியாதை, அப்படித்தானே வளர்ந்திருக்கிறோம். “சிரிச்ச முகமா இருக்கு, என்னன்னு எழுதறது?” என்று பொற்கொடியின் காதருகே முணுமுணுத்தாள். நாற்பதாயிரம் மணி நேரம் இவளுக்கும் போட்டுக் காட்டியிருக்கிறார்கள், பாவம், இவளை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது?

பொற்கொடி சிரிக்கவில்லை. தலையாட்டவும் இல்லை. ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லலாம், சட்டம் சொல்லலாம், எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. ஒன்றையும் சொல்லாமல் கூடத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கீர்த்திகாவைப் பார்த்தாள்.

“அவரு ரொம்ப ஜாலி டைப்பு,” என்றாள் கீர்த்திகா. சிரித்தாள். இந்தத் தடவை சிரிப்பு பாதியில் நின்றது. மறுபடி தொடங்கிப் பார்த்தாள். கூடச் சேர ஆளில்லை. பக்கத்து வீட்டில் குக்கர் மூன்று விசில் அடித்து ஓய்ந்தது.

“நீங்க ஏன்க்கா சிரிக்க மாட்டேங்கறீங்க?”

“எனக்குச் சிரிப்பு வரலம்மா.”

கீர்த்திகா துண்டின் நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

“எனக்கும் வராதுக்கா,” என்றாள். “அழுதா இன்னும் ரெண்டு சேர்த்து விழும். சிரிச்சுட்டா, பாத்தியா, நீயே சிரிக்கறேன்னுட்டு அதோட விட்டுடுவாரு. மொத மொத தெரியாமத்தான் சிரிச்சேன். அப்புறம் பழகிருச்சு.” கொஞ்சம் நிறுத்தினாள். “பாப்பா பயந்து பயந்து அழுவா. அழுத புள்ள மேலயும் கை ஓங்குறாரு. அதனால அவளுக்கும் சொல்லிக் குடுத்திருக்கேன்.”

மெஹருன்னிசா தொப்பியைக் கழற்றி இடுக்கிக்கொண்டு, காகிதத்தையும் பேனாவையும் எடுத்து டீப்பாயின்மேல் வைத்தாள். “எழுதித் தர்றியாம்மா? நீ சொல்ற மாதிரியே எழுது. போதும்.” மணி நாலு இருபது.

கீர்த்திகா பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அனுப்புநர், பெறுநர் என்று பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தபடி தொடங்கி எழுதினாள். பொற்கொடி கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்துப் பார்த்தாள். கீர்த்திகா ‘என் கணவர்’ என்று எழுதி அடித்தாள், பெயரைப் போட்டு எழுதினாள். தேதியெல்லாம் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. இயந்திரத்துக்குப் பதினேழு, அவளுக்கு அதைவிட அதிகம். நாலே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டு, காகிதத்தைத் திருப்பி மெஹருன்னிசாவின் பக்கம் தள்ளினாள்.

கீழே பள்ளி வேன் ஹாரன் அடித்தது. படியில் சின்னக் கால்கள் தடதடவென்று ஏறி வந்தன. முதுகில் தன்னைவிடப் பெரிய பை, கழுத்தில் தண்ணீர் பாட்டில். பாப்பா வாசலில் நின்றாள். காக்கிச் சட்டையைப் பார்த்தாள். சிவந்திருந்த அம்மாவின் கண்ணைப் பார்த்தாள். பையைக்கூட இறக்காமல், இரண்டு கையையும் பக்கவாட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு, ஸ்கூலில் ரைம்ஸ் ஒப்பிக்கிற மாதிரி நிமிர்ந்து நின்று, கணீரென்று சிரிக்கத் தொடங்கினாள்.

“வேணாம்டி செல்லம்,” என்றாள் கீர்த்திகா, மண்டியிட்டு அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு. “இன்னைக்குச் சிரிக்க வேணாம்.”

பாப்பாவுக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.